பிஸ்கட் பெட்டி அட்டை

சிவசக்தியின் விரல்கள் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

குனிந்து ஓர் எழுத்தையும் தேடவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்த றின்ஸா, இவளுடைய வேகத்தைக் காதால் கேட்டே பொறாமைப்பட்டாள்.

பதுளையில் வெளிவாரிப் பட்டப்படிப்பின் கணினித் தேர்வு. தேறினால் இரண்டாம் வருடம். தவறினால் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பேர் பதிய வேண்டும். அப்பாவையும் அம்மாவையும் வயதாகிவிட்டது என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டில் ஒருவராவது தோட்ட வேலையில் இல்லாவிட்டால், குடியிருக்கும் லயத்துக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார் தோட்டத் துரை.

பல்கலைக்கழகமோ பாடங்களைப் போனுக்கு அனுப்பி, நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று கையைக் கழுவிக்கொண்டது.

நமுனுகுல மலையில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்தான் சிக்னல். அங்கேதான் படித்தாள். கணினிக்கு எங்கே போவாள்? பிஸ்கட் பெட்டி அட்டையைப் பிரித்து, பாடத்தில் காட்டிய கீபோர்டை அப்படியே பேனாவால் வரைந்துகொண்டாள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று லயமே சிரித்தது. சிரிக்கட்டும். பேனா மை அழிய அழிய மேலே வரைந்து, மறுபடியும் அடித்தாள். போனில் வந்த கேள்விகளுக்கெல்லாம் முழுப் புள்ளி.

இன்று தேர்வு தொடங்கியதும், மவுஸ் அசையவில்லை என்று றின்ஸா கையைத் தூக்கினாள். மேற்பார்வையாளர் உதட்டைச் சுழித்தார். அறையே சிரித்தது. செத்தாலும் கையைத் தூக்குவதில்லை என்று சிவசக்தி அப்போதே முடிவு செய்தாள்.

மணி அடித்தது. கேள்வித்தாளின் கடைசிக் கேள்விக்கும் விடையை அடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வாசலில் அப்பா சின்னராசா காத்திருந்தார். "எல்லாத்தையும் செஞ்சியாம்மா?"

"எல்லாத்தையும் அடிச்சிட்டேம்ப்பா. ஒரு எழுத்து விடல."

அது பொய்யில்லை. ஆனாலும் அவர் முகம் மலர்ந்ததை அவளால் பார்க்க முடியவில்லை.

போனில் வந்த பாடங்கள் எல்லாமே வெளிச்சமான திரையில்தான் தொடங்கின. அந்த வெளிச்சத்தை எப்படி வரவைப்பது என்று ஒரு பாடமும் சொல்லவில்லை. கணினியைப் போடுங்கள் என்று மேற்பார்வையாளர் சொன்னபோது மற்றவர்கள் எதையோ அமுக்கினார்கள். எதை என்று இவளுக்குத் தெரியவில்லை. சத்தம் நின்றால் யாராவது எட்டிப் பார்ப்பார்களே என்றுதான் விரல்களை நிறுத்தாமல் அடித்தாள்.

மணி அடிக்கும்வரை அந்தக் கறுப்புத் திரையில் அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது.