தூங்கிப்போன தூதர்

"இருபது வருஷம் நம்ம காசுல சாப்பிட்டே. முக்கியமான அன்னைக்கு எங்கேய்யா போனே?"

ஊர்ச் சபைக் கூடமான மனேயபாவில் கூடியிருந்த ஊர் முன்னால் எழுந்து நின்று கேட்டார் தபேரா. கப்பல் தொழிலாளர் சங்கத்தின் பழைய தலைவர்.

எதிரே பாயில் பரானிகோ. வெளிநாட்டில் தூதராக இருந்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர். அவர் முன்னோர் உட்கார்ந்த தூணடி இடத்தை அவருக்குத் தரலாமா என்று முடிவு செய்யத்தான் கூட்டம்.

அந்த முக்கியமான நாளில் உலக நாடுகளின் சபைக்கு வந்தது, நம் கடலடியைச் சுரண்ட வரும் கம்பெனிகளைத் தடுக்கும் தீர்மானம். ஓட்டெடுப்பில் நம் நாற்காலி காலி. தீர்மானம் தோற்றது. சின்ன நாடு, அங்கே தூதர், குமாஸ்தா, டிரைவர் எல்லாம் பரானிகோ ஒருவர்தான். அவர் போகவில்லை என்றால் நாடே போகவில்லை.

"பெத்த மகனே குறுக்கே வந்தாலும் எனக்கு நாடுதான் பெருசு" என்றார் தபேரா. "ஊர் முன்னால புபுசி கேக்கிறேன். எங்கே போனே, சொல்லு."

ஊர் வழக்கப்படி மறுக்க முடியாத வேண்டுதல் அது. புபுசி என்று ஒருவர் கேட்டுவிட்டால் இல்லை என்பது மானக்கேடு. இருக்கிற ஒரே படகைக் கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பரானிகோ, தபேராவுக்குப் பின்னால் இருந்த பெண்கள் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"தூங்கிட்டேன்."

"மெத்தை அவ்வளவு மெத்துன்னு இருந்துச்சோ" என்றது ஒரு குரல். சிரிப்பு பரவியது. பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். தூணடி கிடையாது, கடைசி வரிசைதான் என்று முடிவானது. பரானிகோ பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

ஜெயித்த களிப்போடு உட்கார்ந்த தபேராவின் காதருகே, பின்னாலிருந்து மனைவி மரேவியா குனிந்தாள்.

"நம்ம பையன் அவர் தூதரா இருந்த ஊர்த் துறைமுகத்துல குடிச்சுட்டு ஒருத்தனை அடிச்சு ஜெயில்ல கிடந்தான். ஓட்டெடுப்பு அன்னைக்குத்தான் கோர்ட்டு. நம்ம ஆளுன்னு அங்க அவர் ஒருத்தர்தான். போய் நில்லுங்கன்னு போன்ல நான்தான் புபுசி கேட்டேன்."

தபேரா திரும்பவில்லை.

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னும் கேட்டேன்."

கடைசி வரிசையில், செருப்புகள் கிடந்த இடத்தை ஒதுக்கிப் பரானிகோ பாயை விரித்துக்கொண்டிருந்தார்.

"தபேரா, இன்னும் ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் சபைத் தலைவர்.

எந்த முதலாளி முன்னாலும் வாய் மூடியறியாத தபேரா, பாயைப் பார்த்தபடி சொன்னார்:

"ஒண்ணுமில்ல."