பாதி பன்

கடைவீதி ஒன்றில் செவலை என்று ஒரு நாய் இருந்தது. ஒருநாள் அங்கே சினிமா எடுக்க வந்தார்கள். குழாய் வைத்து மழையை வரவழைத்து, டீக்கடை ஓரமாகச் செவலையை நிற்க வைத்தார்கள். கதாநாயகன் நனைந்துகொண்டே வந்து, தன் பன்னைப் பிட்டுப் பாதியை அதற்கு ஊட்டினான். கேமரா மெல்லத் தவழ்ந்து வந்து செவலையின் கண்ணருகே நின்றது.

"ஏன் இவ்வளவு கிட்ட வர்றே?" என்றது செவலை.

"படத்துல இதுதான் முதல் காட்சி. உன் கண்ணுல இருக்கிற பசியைக் காட்டிட்டு, உடனே அவன் கையைக் காட்டணும். அப்புறம் அவன் என்ன அக்கிரமம் பண்ணினாலும் ஜனங்க அவன் பக்கம்தான் நிப்பாங்க," என்றது கேமரா.

"அப்போ என் பக்கம்?"

கேமரா வாய் திறப்பதற்குள், "கட்!" என்று ஒரு குரல் கேட்டது. மழை நின்றது. கதாநாயகன் கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறிப் போனான்.

அதன்பிறகு செவலைக்கு வேறு யார் போட்ட சோறும் ருசிக்கவில்லை. வானம் இருட்டினால் போதும், டீக்கடைக்கு ஓடிப்போய் அதே இடத்தில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

எதிரே இருந்த தியேட்டருக்கு அந்தப் படமே வந்தது. ஒரு சாயங்காலம் ஆட்டம் விட்ட நேரத்தில் நிஜ மழை கொட்டியது. ஜனங்கள் டீக்கடைக் கூரைக்கு அடியில் ஓடி வந்தார்கள்.

"அந்த நாய்க்குப் பன் குடுத்தான் பாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு," என்றார் ஒருவர். நிற்க இடம் போதவில்லை. "ச்சீ, போ!" என்று அவரே செவலையைக் காலால் மழைக்குள் தள்ளினார்.

நனைந்துகொண்டு நின்ற செவலை முகத்தை மட்டும் இறக்கவில்லை. இன்னும் யாரும் "கட்" சொல்லவில்லையே!