எண்ணெய் குடித்த செவலை

ஒரு கொட்டகையில் செவலை, மயிலை என்று இரண்டு பசுக்கள் இருந்தன. வீட்டுக்காரி தெய்வானை, பால் கெட்டியாகட்டும் என்று செவலையின் தவிட்டில் மட்டும் தினமும் கடலை எண்ணெய் ஊற்றினாள்.

"நான் எண்ணெய் குடிக்கிறவ. என் பால்ல ஆடை கம்பளியாட்டம் நிக்கும். வைக்கோல் தின்னிக்கு வர்றது கழனித்தண்ணிதான்டி" என்று செவலை நக்கலடிக்கும். மயிலை தன் வைக்கோலை அசைபோடும்.

செவலைக்குச் சில நாளாக அசைபோடவே வரவில்லை. சாணமும் இளகிப் போனது. வெளியே தெரிந்தால் கேவலம் என்று மறைத்துக்கொண்டது.

ஒருநாள், தெய்வானையிடம் பால் வாங்கும் டீக்கடைக்காரர் தூக்குவாளியோடு வந்து வாசலில் நின்று கத்தினார். "ரெண்டு பாலையும் தனித்தனியாக் காய்ச்சிப் பாத்தேன். செவலை பால்ல ஆடையே கட்டலை. தண்ணி ஊத்துறியா தெய்வானை? இனி மயிலை பால் மட்டும் போதும்."

"எம்புள்ள மேல சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலைங்க!"

தெருவே வேடிக்கை பார்த்தது. தெய்வானை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அசைபோட விடாமல் பாலையும் கெடுத்தது அந்த எண்ணெய்தான் என்று செவலைக்கு அப்போதுதான் உறைத்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

மறுநாள் தெய்வானை பெரிய கரண்டியோடு வந்தாள். "தின்னும்மா, என் மானத்தைக் காப்பாத்து" என்று எண்ணெயை இரட்டிப்பாக ஊற்றினாள். செவலை தொட்டியை முட்டிக் கவிழ்த்தது. அடி விழுந்தது. வாங்கிக்கொண்டது.

அவள் போன பிறகு செவலை மயிலை பக்கம் திரும்பியது. அதன் வைக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றது.

மயிலை தன் வைக்கோலில் பாதியை மூக்கால் இந்தப் பக்கம் தள்ளியது. "நீ சொன்ன கழனித்தண்ணி ஊறுற வைக்கோல்தான். பரவாயில்லைன்னா தின்னு."

செவலை நிமிர்ந்து பார்க்காமலே தின்றது.