அஞ்சுக்கு அஞ்சு

"பேட்ஜ் வேண்டாம்னா என்னம்மா அர்த்தம்? அவ்வளவு தலைக்கனமா உனக்கு?"

குஞ்சிதபாதம் சார் போட்ட சத்தத்தில், பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எதிரே நர்சிங் மூன்றாம் ஆண்டு ஃபஹ்மிதா. கூத்தாநல்லூர்ப் பெண். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். இன்றைக்கு என்ன வந்ததோ, ஒரே பிடிவாதம்.

விஷயம் இதுதான். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி என்று எல்லாப் பிள்ளைகளையும் கலந்து, குழுவுக்கு ஐந்து பேராகப் பிரித்து, மன்னார்குடிப் பக்கம் நாலு நாள் மருத்துவ முகாமுக்கு அனுப்பியது கல்லூரி. முடிந்ததும் ஒருத்தருக்கொருத்தர் போனிலேயே ஸ்டார் போட்டு, இரண்டு வரி கருத்தும் எழுத வேண்டும். சேர்ந்து வேலை பார்க்கத் தெரிந்த குழுவுக்கு 'கூட்டுப்பணி பேட்ஜ்' போனுக்கே வந்துவிடும். ஐந்து பேரும் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால்தான் செல்லும். ஒருத்தர் மறுத்தாலும் ஐந்து பேருக்கும் கிடையாது.

நாலு பேர் அழுத்தியாச்சு. ஃபஹ்மிதா மாட்டேன் என்கிறாள்.

"திங்கக்கிழமை எனக்கு இன்டர்வியூ சார். பேட்ஜ் இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டேன்" என்றான் குழுத் தலைவன் சதீஷ். அழுதுவிடுவான் போலிருந்தது. "ஃபாத்திமா, ப்ளீஸ்..."

"ஃபஹ்மிதா."

"ஸாரி, ஃபஹ்மிதா. உனக்கு நாங்க என்ன குறை வெச்சோம்? நாலு பேரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கோமே!"

சார் சும்மா இருப்பாரா? கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நீயே பாரு. 'வயதானவர்களிடம் கனிவாகப் பேசினாள்.' 'வேலையைப் பகிர்ந்துகொண்டாள்.' 'எப்போதும் சிரித்த முகம்.' இதுக்கு மேல என்னம்மா வேணும்? ஊர் கூடி இழுத்தாத்தான் தேர் நகரும். நீ என்னடான்னா, வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்கிறே!"

ஃபஹ்மிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் அந்த முகாமுக்கே போகலை சார்."

"என்னது?"

"பஸ் கிளம்புற அன்னிக்குக் காலையில நூத்திமூணு காய்ச்சல். வர முடியலைன்னு குரூப்ல போட்டேன். நாலு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற படத்தைப் போட்டாங்க. அவ்வளவுதான். ஹாஸ்டல் ரூம்ல இருந்தவங்களும் முகாமுக்குப் போயாச்சு. அத்தா துபாய்ல. அம்மாகிட்ட சொன்னா பதறிடுவாங்க. நெத்தியில நானே துணியை நனைச்சுப் போட்டுக்கிட்டேன். கத்துக்கிட்டதையெல்லாம் எனக்கே செஞ்சுக்கிட்டேன் சார்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"யாராச்சும் ஒரு வார்த்தை கேப்பாங்களான்னு போனைத் தலைமாட்டுலயே வெச்சிருந்தேன். அஞ்சாவது நாள்தான் அது சத்தம் போட்டுச்சு. ஆசையா எடுத்துப் பாத்தா, பேட்ஜ். அப்பதான் ரொம்ப அழுகை வந்துச்சு."

சதீஷ் தரையைப் பார்த்தான்.

சாரின் கோபம் அப்படியே அவன் பக்கம் பாய்ந்தது.

"ஏண்டா, நாளைக்கு நோயாளியைப் பாக்கப் போறவங்களாடா நீங்க? கூட இருக்கிற பொண்ணு இருக்காளா செத்தாளான்னுகூடத் தெரியலை. சிரித்த முகமாம்! வராதவளைப் பத்தி இப்படிக் கைகூசாம எழுத எப்படிடா மனசு வந்துச்சு? தூ!"

"அவங்களைத் திட்டாதீங்க சார்" என்றாள் ஃபஹ்மிதா. "அதுல இன்னும் கொஞ்சம் கீழ போய்ப் பாருங்க."

சார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையைக் கீழே நகர்த்தினார்.

'முகாமில் செல்வி ஃபஹ்மிதா ஆற்றிய தொண்டினை நான்கு நாளும் அருகிலிருந்து கண்டு பெருமிதம் கொண்டேன். இப்படிக்கு, குஞ்சிதபாதம், ஒருங்கிணைப்பாளர்.'