பயத்தின் அளவு ஏழு

போன வருஷம் ஜீரா என்ற பூனை கிறிஸ்துமஸ் மரத்தை மூன்று தடவை கவிழ்த்துப்போட்டது. அதனால் இந்த வருஷம் எஸ்தர்ராணி ஒரு பயப்பட்டை வாங்கி அதன் கழுத்தில் கட்டினாள். பூனை எதற்குப் பயப்பட வேண்டும் என்று போனில் படமெடுத்துக் காட்டி, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் அளவை வைத்தால் போதும். அவள் மரத்தைக் காட்டி ஏழு வைத்தாள்.

நாகர்கோவில் வீட்டு முன்னறையில் நிறுத்திய சவுக்கு மரத்தை ஏழு வயது மகள் ஜெஃப்ரினா தன் கையாலேயே, ஒரு கிளை விடாமல் அலங்கரித்தாள். அம்மாவைத் தொடவே விடவில்லை. ஜீரா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எஸ்தர்ராணிக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஜெஃப்ரினா அழுதுகொண்டு வந்தாள். "அம்மா, ஜீரா என்னப் பாத்தாலே கட்டிலுக்கடியில ஓடுது. நான் என்ன செஞ்சேன்?"

எஸ்தர்ராணி பிள்ளையின் கையை முகர்ந்து பார்த்தாள். சவுக்கு வாசனை அடித்தது; ஜீரா பயந்தது அந்த வாசனைக்குத்தான். உடனே போனை எடுத்துப் பட்டையை நிறுத்தினாள். 'பழகிய பயம் மறைய மூன்று மாதம் ஆகலாம்' என்று போன் சொன்னது.

"நீ ஒண்ணும் செய்யல மக்ளே. அம்மாதான் அதுக்குப் பயங்காட்டிட்டேன்."

"அப்போ நீ போய் சாரி சொல்லு."

எஸ்தர்ராணி கட்டிலருகே மண்டியிட்டுக் குனிந்தாள். ஜீரா தயங்காமல் வெளியே வந்து, அவள் மடியில் ஏறிச் சுருண்டு படுத்து, குர்ர்ரென்றது.

கதவருகே நின்ற ஜெஃப்ரினா தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.