புது முயலே வருக

பொம்மைக் கடை விழாவுக்கான கேக். அதன்மேல் உட்கார வைக்க அவள் சர்க்கரை மாவில் ஒரு முயல் செய்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து கணவன் நொட்டை சொல்லிக்கொண்டிருந்தான்.

“இடது காதை மடக்கு.”

“கடைக்காரர் அனுப்பின போட்டோவுல நேராத்தானே இருக்கு?”

“நம்ம முயலுக்கு மடங்கித்தான் இருக்கும். பசங்க இழுத்த இழுப்பு அப்படி. முதுகுல ஒரு ஜிப்பும் போடு.”

“முதுகை யாருங்க பார்க்கப் போறாங்க?” என்றாலும், பல்குச்சியால் கோடு கிழித்தாள்.

“வாயைத் திறந்து வை. உள்ள கறுப்பு வலை இருக்கும்.”

“மூடியிருந்தாத்தான் சிரிச்ச மாதிரி அழகா இருக்கும்.”

“மூடிட்டா வெளிய எப்படிப் பார்க்கறது?”

அவள் முயலின் வாயைத் திறந்து, உள்ளே கறுப்பு நிறம் தடவினாள். அவன் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

“கேக்குல என்ன எழுதணுமாம்?”

“‘புது முயலே வருக’ன்னு.”

“எழுத வேண்டியதுதான். கரண்ட்ல ஆடற முயலாச்சே! வேர்க்காது, டீ குடிக்கப் போகாது, மூச்சு முட்டுதுன்னு தலையைக் கழட்டாது.”

பால்கனிக் கொடியில் அவன் துவைத்துப் போட்ட முயல் உடை சொட்டிக்கொண்டிருந்தது. எட்டு வருடம் அதற்குள் நின்று குழந்தைகளுக்குக் கைகாட்டியவன், நாளை அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சர்க்கரை முயலை அவளிடமே நீட்டினான்.

“கலைச்சிட்டு, போட்டோவுல இருக்கற மாதிரியே செஞ்சிடு. வாயை நல்லா மூடிடு. அதுக்குள்ள ஆள் கிடையாது.”