நாலுக்கு மூன்று

நோலா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு சீட்டுகளையும் பிரித்தாள்.

இறைச்சியைப் பரிசாக வைத்து வெள்ளிக்கிழமைதோறும் நடத்தும் குலுக்கலில் மிஞ்சிய டிக்கெட்டுகள்தான் வாக்குச்சீட்டு. கிளப்பை மூடலாமா, வேண்டாமா? பின்பக்கத்தில் ஒரே சொல்லில் எழுத வேண்டும்.

எண்ணி முடித்ததும் எரித்துவிடுவது அங்கே வழக்கம். சின்ன ஊர். கையெழுத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

வெளியே ஆறு பேர் ஆட்டத்துக்கான வெள்ளை உடுப்போடு காத்திருந்தார்கள். ஒரு காலத்தில் நூற்றிருபது பேர். மழை ஏமாற்றியது, கோதுமை போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று. ஊருக்கென்று மிஞ்சியது இந்தக் கிளப்பின் பந்து உருட்டும் புல்தரை ஒன்றுதான்.

தாத்தாக்கள் குதிரை வண்டியில் களிமண் கொண்டுவந்து கொட்டிய தரை. அன்று முதல் சம்பளத்துக்கு ஒரு ஆள் கிடையாது. இடுப்பில் இரும்பு வைத்த எண்பத்து மூன்று வயது தலைவர் க்ளெம்தான் புல் வெட்டுகிறார். பத்தொன்பது வருஷமாக சாண்ட்விச் அடுக்குகிறாள் ஏவிஸ். கழிவறை கழுவுவது நோலா.

மூடிவிட்டால் இந்த ஏழு பேருக்கும் சனிக்கிழமைகளில் போக்கிடம் கிடையாது.

சீட்டு எழுதுவதற்கு முன்னால் க்ளெம் மேசையை ஓங்கித் தட்டியிருந்தார்.

"என் பொணத்தத் தாண்டிப் போய் மூடுங்கடா!"

எல்லாரும் கை தட்டினார்கள். ஏவிஸ் அழுதேவிட்டாள்.

நோலா சீட்டுகளை அடுப்பில் போட்டாள். அவை கருகிச் சுருளும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தாள்.

"நாலுக்கு மூணு. மூடுறதுன்னு முடிவாயிடுச்சு."

ஏவிஸ் தேநீர் ஊற்றப் போனாள்.

க்ளெம் நோலாவை ஓரமாகக் கூப்பிட்டார். "அந்த நாலு பேர் யாருன்னு நான் கேக்கமாட்டேன். நல்லா இருக்கட்டும். ஆனா ஒண்ணு, அந்த மூணுல ஒருத்தன் நான்."

நோலா தலையாட்டினாள்.

கோப்பை கழுவும்போது ஏவிஸ் தோளோடு தோள் உரச வந்து நின்றாள். "உங்கிட்ட மட்டும் சொல்றேன்டி. நான் வேண்டாம்னுதான் எழுதினேன்."

பொருளாளர் தொப்பி மாட்டும் இடத்தில் வைத்து அதையே சொன்னார். ஹார்ட்மன் தம்பதி தனித்தனியாக வந்து, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் சொன்னார்கள். கடைசியாக, காது கேளாத பெர்ஸி ஊருக்கே கேட்கும்படி ரகசியம் சொன்னார்.

ஆக ஆறு பேர். இருந்ததோ மூன்று இடம்.

உண்மையில் அந்த மூன்று இடமும் கிடையாது. ஏழு சீட்டிலும் 'மூடலாம்' என்றுதான் இருந்தது.

மற்ற ஆறு பேருக்காகத்தான் வருகிறோம் என்று ஒவ்வொருவரும் எத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்! இதை வெளியே சொன்னால், நாளைக்குத் தெருவில் ஒருவர் முகத்தில் ஒருவர் எப்படி விழிப்பார்கள்? மூன்று பேராவது இருந்தார்கள் என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

க்ளெம் வண்டியைக் கிளப்பினார். வாசலைத் தாண்டுவதற்குள் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"நோலா, நீயும் எங்க பக்கந்தானே?"

"பின்ன?" என்றாள் நோலா.